கோடெக்ஸ் அமியாட்டினுஸ்: எழுத்தும் பிறப்பிடமும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில், லாரென்சியானா நூலகத்தில், ‘அமியாட்டினோ 1’ என்ற எண்ணில் ஒரு லத்தீன் பைபிள் பாதுகாக்கப்படுகிறது. பல நூற்றாண்டுகள் அதை இத்தாலியர்கள் எழுதிய சுவடி என்றே அறிஞர்கள் நம்பினார்கள். எழுத்தைப் பார்த்தால் யாரும் அப்படித்தான் நம்புவார்கள். ஆனால் அது எழுதப்பட்டது அன்றைய ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில், கடற்காற்று வீசும் இரண்டு ஆங்கில மடங்களில். இந்த உண்மை எப்படி மறைந்தது, எப்படி வெளிவந்தது என்பதைப் பற்றியும், அதன் எழுத்தைப் பற்றியும் வாசகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

முதலில், இது என்ன புத்தகம்?

பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் ஒரே கட்டில் அடங்கிய லத்தீன் பைபிள். 4-ம் நூற்றாண்டின் கடைசியில் புனித ஜெரோம் செய்த மொழிபெயர்ப்பை அடிப்படையாகக் கொண்ட பைபிளை வல்கேட் என்பார்கள். ஒரே புத்தகமாக நமக்குக் கிடைத்திருக்கும் வல்கேட் பைபிள்களில் இதுதான் மிகப் பழையது. பாரூக்கு ஆகமம் மட்டும் இதில் இல்லை.

எழுதிய இடம், வேர்மத்–ஜாரோ என்ற இரட்டை மடம். இன்றைய இங்கிலாந்தின் வடகிழக்கில், அன்று நார்தம்ப்ரியா என்று பெயர் கொண்ட அரசில் அது இருந்தது. 716-ம் ஆண்டு ஜூன் மாதத்துக்கு முன் புத்தகம் முடிந்துவிட்டது. இவ்வளவு துல்லியமாகக் காலம் சொல்ல முடிகிற சுவடி அந்தக் காலத்தில் மிக அபூர்வம்.

அமியாட்டினுஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் மோந்தே அமியாட்டா என்று ஒரு மலை. அதன் சரிவில் சான் சல்வத்தோரே மடம். சுவடி பல நூறு ஆண்டுகள் அங்கேதான் இருந்தது. 1782-ல் அந்த மடம் மூடப்பட்டது. அதற்குப் பிறகுதான் சுவடி ஃபிளாரன்ஸுக்கு வந்தது.

உண்மையில் எவ்வளவு பெரியது?

உயரம் அரை மீட்டர், அகலம் 34 சென்டிமீட்டர், தடிமன் 18 சென்டிமீட்டர். எடை 34 கிலோவுக்கு மேல். ஒரு ஆள் தனியாகத் தூக்கிக்கொண்டு படியேறுவது கஷ்டம்.

உள்ளே சுமார் 1,030 தாள்கள். தாள் என்றால் காகிதம் இல்லை, பதப்படுத்திய கன்றுத்தோல். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு தாளின் அகலம் 34 சென்டிமீட்டர். இரண்டு தாள்கள் சேர்ந்த ஒரு மடிப்பை விரித்தால் 68 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் உயரம். கழுத்து, கால், ஓரம் எல்லாம் கழித்துவிட்டால் ஒரு கன்றின் தோலில் இந்த அளவில் ஒரு மடிப்புத்தான் தேறும். அப்படியானால் இந்த ஒரு புத்தகத்துக்கே 515 தோல்கள் வேண்டும். இதே அளவில் மூன்று பைபிள்கள் செய்தார்கள். மொத்தம் 1,500-க்கும் மேற்பட்ட தோல்கள்.

எழுத்தர்கள் இருந்தால் மட்டும் நடக்கிற வேலை இல்லை இது. மேய்ச்சல் நிலம் வேண்டும், மந்தை வேண்டும், தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறப்போட்டு மயிர் களைந்து, சட்டத்தில் இழுத்துக் கட்டிச் சுரண்டும் ஆட்கள் வேண்டும். அந்த மடத்துக்கு சுமார் 150 குடும்பங்கள் பிழைக்கக்கூடிய நிலம் இருந்ததாக அக்காலக் குறிப்பு சொல்கிறது. எழுத்தைப் பற்றிப் பேசும்போது இந்த நிலத்தையும் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம்.

இதைச் செய்யச் சொன்னவர் யார்?

மடாதிபதி சியோல்ஃப்ரித். ஆனால் கதையை அவருக்கு முன்னால் இருந்த பெனடிக்ட் பிஸ்கோப்பிடமிருந்து தொடங்க வேண்டும்.

பிஸ்கோப் நார்தம்ப்ரியப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். பல முறை ரோமுக்குப் போய் வந்தவர். போனபோதெல்லாம் புத்தகங்களும் திருவுருவங்களும் கொண்டுவந்தார். எக்ஃப்ரித் அரசர் கொடுத்த நிலத்தில் 674-ல் வேர் நதியின் முகத்துவாரத்தில், வேர்மத்தில், பேதுருவின் பெயரில் ஒரு மடம் கட்டினார். கல் கட்டடம் கட்டவும் ஜன்னலுக்குக் கண்ணாடி செய்யவும் கடல் கடந்து ‘கால்’ (இன்றைய பிரான்ஸ்) நாட்டிலிருந்து வேலையாட்களை அழைத்துவந்தார். ரோமில் பாடும் முறையைக் கற்றுத்தரப் புனித பேதுரு ஆலயத்தின் தலைமைப் பாடகர் ஜானே வந்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஜாரோவில் பவுலின் பெயரில் இரண்டாவது மடம். அதன் ஆலயம் 685 ஏப்ரல் 23-ல் நேர்ந்தளிக்கப்பட்டது. அந்தத் தேதியைச் சொல்லும் கல்வெட்டு இன்னும் ஜாரோ ஆலயத்தில் இருக்கிறது.

ஜாரோவின் முதல் தலைவர் சியோல்ஃப்ரித். மடம் தொடங்கிச் சில வருடங்களிலேயே கொள்ளைநோய் வந்தது. வழிபாட்டில் பாடத் தெரிந்தவர்களில் சியோல்ஃப்ரித்தும் ஒரு சிறுவனும்தான் மிச்சம். ஆள் இல்லையென்று சில நாட்கள் பாடல்களைச் சுருக்கிப் பார்த்தார்கள். சியோல்ஃப்ரித்தால் அதைத் தாங்க முடியவில்லை. கண்ணீரோடு பழைய முறைக்கே திரும்பி, இரண்டு பேராகவே முழு வழிபாட்டையும் பாடி முடித்தார்கள். அந்தச் சிறுவன்தான் பின்னாளில் வரலாற்றாசிரியராகப் புகழ்பெற்ற பீட் என்று பலர் கருதுகிறார்கள். முறை கொஞ்சமும் குறையக் கூடாது என்று நினைத்த இந்த மனிதர்தான் பின்னாளில் மூன்று முழு பைபிள்களை எழுதவைத்தார்.

ஏன் மூன்று?

வேர்மத்துக்கு ஒன்று, ஜாரோவுக்கு ஒன்று, ரோமில் பேதுருவின் கல்லறைக்குக் காணிக்கையாக ஒன்று. நம் கையில் இருப்பது மூன்றாவது.

முதல் இரண்டையும் ஆலயங்களில் வைத்த காரணத்தை, சியோல்ஃப்ரித்தின் வாழ்க்கையை எழுதிய பெயர் தெரியாத துறவி சொல்கிறார்: இரண்டு ஏற்பாடுகளில் எந்த அதிகாரத்தை வாசிக்க விரும்புகிறவரும் வேண்டியதைச் சுலபமாகக் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகத்தான். இந்தக் குறிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் காலத்தில் பைபிள் பெரும்பாலும் துண்டு துண்டாகத்தான் புழங்கியது. நற்செய்திகள் ஒரு புத்தகம், சங்கீதங்கள் ஒரு புத்தகம், தீர்க்கதரிசிகள் வேறொன்று. எல்லாவற்றையும் ஒரே கட்டில் சேர்ப்பது அபூர்வம். அந்த அபூர்வத்தை வாசகர்களின் வசதிக்காகச் செய்தார்கள்.

அன்ஷியல் என்கிறார்களே, அது எப்படிப்பட்ட எழுத்து?

லத்தீன் எழுத்தின் பழைய புத்தக வடிவங்களில் ஒன்று. ரோமானியக் கல்வெட்டுகளில் காண்கிற பெரிய எழுத்துகள் நேர்கோடுகளால் ஆனவை. அவற்றை இறகு முனையால் தோலில் எழுத எழுத, சில எழுத்துகள் உருண்டன. ஏ (A), டி (D), ஈ (E), எம் (M) ஆகிய நான்கையும் பார்த்தால் அன்ஷியலை உடனே அடையாளம் கண்டுகொள்ளலாம். ஈ வளைந்து பிறை போல நிற்கும். எம் இரண்டு வளைவுகளாகக் குவிந்திருக்கும். டி-யின் தண்டு இடப்பக்கம் சாயும். ஏறக்குறைய எல்லா எழுத்துகளும் இரண்டு கோடுகளுக்குள் ஒரே உயரத்தில் அடங்கும்.

4-ம் நூற்றாண்டு முதல் கிறிஸ்தவப் புத்தகங்களின் மதிப்பான எழுத்து இதுதான். 6-ம் நூற்றாண்டு இத்தாலியில் இது முழு வளர்ச்சி பெற்றிருந்தது. பிஸ்கோப்பும் சியோல்ஃப்ரித்தும் ரோமிலிருந்து கொண்டுவந்த புத்தகங்களும் இப்படித்தான் எழுதப்பட்டிருந்தன. வேர்மத்–ஜாரோ எழுத்தர்கள் அவற்றைப் பார்த்துப் பழகினார்கள்.

அமியாட்டினுஸில் ஒரு பக்கத்தைத் திறந்தால் இரண்டு பத்திகள், ஒவ்வொன்றிலும் 43 அல்லது 44 வரிகள். அன்ஷியலிலேயே இரண்டு தரம் வைத்திருக்கிறார்கள். மூலப் பாடத்துக்குப் பெரிய, நிதானமான வடிவம். அதிகாரத் தலைப்புப் பட்டியல்களுக்குச் சற்று எளிய, சிறிய வடிவம். புத்தகத் தலைப்புகளுக்கு ரஸ்டிக் என்ற ஒடுக்கமான ரோமானிய எழுத்தையும் பயன்படுத்துகிறார்கள். எந்த இடத்தில் எந்தத் தரம் என்பதில் தடுமாற்றமே இல்லை. நன்றாகப் பழகிய எழுத்துக்கூடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சொற்களுக்கு நடுவே இடைவெளியும் நிறுத்தக்குறியும் இல்லாமல் எப்படிப் படித்தார்கள்?

நம் ஓலைச்சுவடிகளிலும் சொற்கள் பிரியாமல், புள்ளிகூட இல்லாமல் ஓடும். படிக்கிறவர்தான் பொருள் உணர்ந்து பிரித்துக்கொள்ள வேண்டும். லத்தீன் உலகத்திலும் பழைய வழக்கம் அதுதான். ஆனால் அமியாட்டினுஸ் வாசகருக்கு ஒரு பெரிய உதவி செய்கிறது. பொருள் எங்கே நிற்கிறதோ அங்கே வரி முறிகிறது. ஒரு சொற்றொடர், ஒரு வரி. அடுத்த சொற்றொடர், அடுத்த வரி. இடம் மிஞ்சினாலும் நிரப்புவதில்லை, வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். சொற்றொடர் நீண்டால் மிச்சம் அடுத்த வரியில் உள்தள்ளி வரும்.

இது இவர்கள் கண்டுபிடித்த முறை இல்லை. டெமோஸ்தனிஸ், சிசெரோ ஆகியோரின் உரைகளை இப்படி எழுதுவது வழக்கம், வாசகர்களின் நன்மைக்காக ஏசாயாவையும் அப்படியே பிரித்துத் தருகிறேன் என்று ஜெரோம் தம் முன்னுரையில் சொல்கிறார். வேர்மத்–ஜாரோவில் பைபிள் முழுவதையும் இந்த முறையில் எழுதினார்கள். அவ்வளவு விலையுள்ள தோலில் இவ்வளவு வெற்றிடம் விடுவதற்கு மனசு வேண்டும். ஆலயத்தில் உரக்க வாசிக்கிறவர் எங்கே மூச்சு விட வேண்டும் என்று பக்கமே சொல்லித்தரும்.

எழுதியவர்கள் எத்தனை பேர்? பீட் அதில் ஒருவரா?

குறைந்தது ஏழு கைகளை அறிஞர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பைபிளின் ஒரு பகுதி. சாதாரணப் பார்வைக்கு எல்லாம் ஒரே கை போலத் தெரியும். அவர்களின் பயிற்சி அப்படி.

பீட் அப்போது அந்த மடத்தில்தான் இருந்தார். வயது நாற்பதுக்குச் சற்று மேல். தம் மடாதிபதி மூன்று பைபிள்கள் செய்ததைத் தம் வரலாற்று நூலில் பெருமையோடு குறிப்பிடுகிறார். ஆனால் இந்தக் கை பீட்டுடையது என்று எந்தப் பக்கத்தையும் காட்ட முடியாது. ஆகவே அப்படி எங்காவது படித்தால் நம்ப வேண்டாம்.

சுமார் 2,060 பக்கங்கள், பக்கத்துக்கு இரண்டு பத்திகள், பத்திக்கு 44 வரிகள் என்று வைத்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வரிகள் வருகின்றன. அதுவும் மூன்று முறை.

லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி நூலும் அதே காலம், அதே நாடு. ஏன் இரண்டும் இவ்வளவு வேறாக இருக்கின்றன?

நல்ல கேள்வி. லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்கும் ஜாரோவுக்கும் நூறு கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் லிண்டிஸ்ஃபார்ன் மடம் 635-ல் அயோனா என்ற அயர்லாந்துத் துறவிகளின் தீவு மடத்திலிருந்து வந்த ஏய்டன் நிறுவியது. அதன் எழுத்து மரபு அயர்லாந்து வழி வந்தது. பிரிட்டன், அயர்லாந்து தீவுகளுக்கு உரியது என்பதால் தீவு அரை அன்ஷியல் என்று அதைச் சொல்வார்கள். அகன்று உருண்ட எழுத்துகள், ஆப்பு போன்ற தலைகள், பக்கம் முழுக்கப் பின்னிக்கொண்டு போகும் பறவைகளும் விலங்குகளும். அமியாட்டினுஸில் அந்தப் பின்னல் வேலை எதுவும் கிடையாது. அங்கே அமைதியான, வெறுமையான பக்கம்தான் அழகு.

ஒன்றைக் கவனியுங்கள். வேர்மத்–ஜாரோ எழுத்தர்களுக்கு உள்ளூர் பாணி தெரியாமல் இல்லை. 664-ல் விட்பி பேரவையில், ஈஸ்டர் தேதியில் ரோமின் முறையைப் பின்பற்றுவதென்று நார்தம்ப்ரியா முடிவு செய்தது. பிஸ்கோப்பின் மடங்கள் கல்லிலும் பாட்டிலும் கண்ணாடியிலும் ரோமைக் கொண்டுவர முயன்றவை. எழுத்திலும் அதையே செய்தார்கள். அன்ஷியல் அவர்கள் தேர்ந்தெடுத்த எழுத்து.

வெளித்தோற்றம் இவ்வளவு வேறுபட்டாலும் இரண்டு சுவடிகளின் நற்செய்திப் பாடம் மிக நெருக்கமானது. லிண்டிஸ்ஃபார்ன் நூலில் நேப்பிள்ஸ் நகரத்துத் திருவிழாக்களின் பட்டியல் இருக்கிறது. இத்தாலியிலிருந்து வந்த ஒரு மூலத்தின் சுவடு அது.

இத்தாலியில் எழுதியது என்று ஏன் இத்தனை காலம் நம்பினார்கள்?

முதல் காரணம் எழுத்து. இரண்டாவது, சுவடி இருந்த இடம். மூன்றாவது, லேவியராகமத்தின் தொடக்கத்தில் கிரேக்க எழுத்தில் உள்ள ஒரு வரி. செர்வாண்டஸ் செய்தது என்று பொருள் தரும். 6-ம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட்டின் நண்பராக அதே பெயரில் ஒரு மடாதிபதி இத்தாலியில் இருந்தார். இரண்டையும் முடிச்சுப் போட்டு, சுவடி 540-ஐ ஒட்டியது என்று முடிவு கட்டினார்கள். 1850-ல் இதன் புதிய ஏற்பாட்டைப் பதிப்பித்த டிஷெண்டார்ஃப் போன்ற பெரிய அறிஞரும் 6-ம் நூற்றாண்டு என்றே கொண்டார். அந்தக் கிரேக்க வரி, முன்மாதிரிச் சுவடியில் இருந்ததை எழுத்தர் அப்படியே பார்த்து எழுதியது என்று பலர் இன்று விளக்குகிறார்கள்.

உண்மை எப்படி வெளிவந்தது?

இந்த வரலாற்றிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

புத்தகத்தின் தொடக்கத்தில் ஒரு காணிக்கைப் பாட்டு இருக்கிறது. இப்போது இருக்கிறபடி வாசித்தால், லம்பார்டுகளின் பேதுரு என்ற மடாதிபதி, கடைக்கோடி எல்லையிலிருந்து, மீட்பரின் மடத்துக்கு இதை அனுப்புவதாக அர்த்தம் வரும். 18-ம் நூற்றாண்டில் லாரென்சியானா நூலகராக இருந்த பண்டினி அந்தப் பக்கத்தை உற்றுப் பார்த்தார். சில சொற்கள் சுரண்டப்பட்ட தோலின் மேல் எழுதப்பட்டிருந்தன. கையும் வேறு. மேலும், பாட்டில் தளை தட்டியது. இந்த வகை லத்தீன் செய்யுளில் முதல் அடிக்கு ஆறு சீர்கள் வேண்டும். ‘மீட்பரின்’ என்ற பொருளில் எழுதியிருந்த சல்வத்தோரிஸ் அந்த இடத்தில் அடங்காமல் நீள்கிறது. அங்கே முதலில் இருந்தது சின்னச் சொல்லாகத்தான் இருக்க முடியும். பேதுரு என்ற பொருள் தரும் பெத்ரி கச்சிதமாகப் பொருந்துகிறது.

ஆகவே பெறுகிறவர் புனித பேதுரு. அப்படியென்றால் அனுப்பியவர் யார்? லம்பார்டு நாடு ரோமுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது. அங்கிருந்து எழுதுகிற ஒருவர் ஏன் கடைக்கோடி எல்லை என்று சொல்ல வேண்டும்?

1880-களில் ரோமின் தொல்லியல் அறிஞர் ஜியோவான்னி பத்திஸ்தா தெ ரோஸ்ஸி இதற்கு விடை கண்டார். ரோமுக்கு ஒரு பெரிய பைபிளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட ஆங்கில மடாதிபதியைப் பற்றி பீட் எழுதியது அவர் நினைவுக்கு வந்தது. அழிந்த பெயர் சியோல்ஃப்ரித் என்றார். பிரித்தானியர்களின் சியோல்ஃப்ரித் என்று அந்த அடியை நிரப்பிப் பார்த்தார்.

1887-ல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஹோர்ட் கடைசி முடிச்சை அவிழ்த்தார். பெயர் தெரியாத துறவி எழுதிய சியோல்ஃப்ரித்தின் வாழ்க்கை வரலாறு இருக்கிறதல்லவா, அதில் இந்தப் பாட்டு முழுதாக, திருத்தப்படாத வடிவில் இருந்தது. மேன்மை மிக்க பேதுருவின் வணக்கத்துக்குரிய திருவுடலுக்கு, ஆங்கிலர்களின் கடைக்கோடி எல்லையிலிருந்து மடாதிபதி சியோல்ஃப்ரித் என் அன்பின் அடையாளத்தை அனுப்புகிறேன், இத்தனை பெரிய தந்தையின் மகிழ்ச்சியில் எனக்கும் என்னவர்களுக்கும் விண்ணகத்தில் என்றும் நினைவில் நிற்கும் இடம் கிடைக்கட்டும் என்று அந்தப் பாட்டு சொல்கிறது. தெ ரோஸ்ஸியின் ஊகத்தில் ஒரே ஒரு திருத்தம்தான் தேவைப்பட்டது. பிரித்தானியர் இல்லை, ஆங்கிலர்.

அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் ஒரு நூலகர் கவனித்த தளைப் பிழை, ஒரு அறிஞரின் நினைவாற்றல், வேறொரு நாட்டில் காப்பாற்றப்பட்ட ஒரு வாழ்க்கை வரலாறு. மூன்றும் சேர்ந்ததும் சுவடியின் வயது ஒரே அடியாக 150 வருடங்களுக்கு மேல் குறைந்தது, பிறந்த ஊர் ஆல்ப்ஸைத் தாண்டி வடக்கே போனது. எழுத்தின் அமைப்பை மட்டும் வைத்துப் பிறப்பிடம் சொல்கிறவர்கள் இந்தக் கதையை மறக்காமல் இருந்தால் நல்லது.

பெயரைச் சுரண்டி மாற்றியது மோசடிதானே?

நான் அப்படிச் சொல்ல மாட்டேன். லம்பார்டு பேதுரு சான் சல்வத்தோரேவுக்கு இதைக் காணிக்கையாகக் கொடுத்தபோது, பாட்டைத் தன் காணிக்கைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார். ஒரு பொருள் கை மாறும்போது பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயர் போடுவதை அன்றைய மனிதர்கள் குற்றமாக நினைக்கவில்லை. வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தையே வெட்டி எறியாமல் சில சொற்களை மட்டும் மாற்றியதால்தான் பண்டினி சந்தேகப்பட முடிந்தது.

சியோல்ஃப்ரித் ரோமுக்குப் போய்ச் சேர்ந்தாரா?

இல்லை. 716 ஜூன் 4-ம் தேதி, யாரும் எதிர்பாராத நேரத்தில், பதவியைத் துறந்துவிட்டுப் புறப்பட்டார். ரோமில் கண்மூட வேண்டும் என்பது ஆசை. வயது 74. முன்கூட்டிச் சொன்னால் தடுத்துவிடுவார்கள் என்று கடைசி நிமிடம் வரை வெளியில் சொல்லவில்லை. இரண்டு மடங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 600 துறவிகள் இருந்தார்கள். அவர்கள் அழுதுகொண்டே வழியனுப்பினார்கள். பீட் அப்போது சாமுவேல் ஆகமத்துக்கு விளக்கவுரை எழுதிக்கொண்டிருந்தார். இந்தப் பிரிவு தம்மை உலுக்கிவிட்டது, எழுதுவதை நிறுத்த வேண்டியதாயிற்று என்று அந்த உரையின் நான்காம் பாகத்தின் தொடக்கத்திலேயே சொல்கிறார். ஒரு வேத விளக்கவுரைக்கு நடுவில் இப்படி ஒரு வரி வருவதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

செப்டம்பர் 25-ம் தேதி, இன்றைய பிரான்சில் உள்ள லாங்கர் நகரில் சியோல்ஃப்ரித் காலமானார். கூட வந்தவர்களில் சிலர் ஊருக்குத் திரும்பினார்கள், சிலர் கல்லறையை விட்டுப் பிரிய மனமில்லாமல் அங்கேயே தங்கினார்கள், சிலர் காணிக்கைகளை எடுத்துக்கொண்டு ரோமுக்குப் போனார்கள். புதிய மடாதிபதி ஹ்வெட்பெர்ட்டுக்குப் போப் இரண்டாம் கிரகோரி எழுதிய நன்றிக் கடிதம், அந்தப் பெயரில்லாத வரலாற்றில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது.

எஸ்றா எழுதுவதாக ஒரு படம் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

முன்பக்கத் தாள்களில் இருக்கும் அந்தப் படத்தில், யூத ஆசாரிய உடையில் ஒருவர் சிறு இருக்கையில் அமர்ந்து, மடியில் புத்தகத்தை வைத்து எழுதுகிறார். பின்னால் கதவு திறந்த ஒரு அலமாரி. அதில் ஒன்பது புத்தகங்கள் நிற்காமல் படுத்துக் கிடக்கின்றன. அந்தக் காலத்தில் அப்படித்தான் அடுக்குவார்கள். தரையில் எழுதும் கருவிகள். மேலே இரண்டு அடி லத்தீன்: பகைவரின் அழிவில் திருநூல்கள் எரிந்துபோனபோது, கடவுள் மேல் பற்றுக் கொண்ட எஸ்றா இதை மீண்டும் சரிசெய்தார் என்று பொருள்.

இத்தாலியின் தெற்கே விவேரியம் என்ற மடத்தை நிறுவிய கசியோடோரஸ் 6-ம் நூற்றாண்டில் ஒரு பெரிய பைபிள் செய்வித்தார். கோடெக்ஸ் கிராண்டியோர் என்று அதற்குப் பெயர். இன்னொரு பைபிளை ஒன்பது தொகுதிகளாகவும் வைத்திருந்தார். கிராண்டியோரை பிஸ்கோப்பும் சியோல்ஃப்ரித்தும் ரோமிலிருந்து கொண்டுவந்ததாகவே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அதிலிருந்த ஆசரிப்புக் கூடாரப் படத்தைத் தாம் பார்த்ததை பீட் எழுதியிருக்கிறார். அமியாட்டினுஸிலும் அந்தக் கூடாரம் இரண்டு பக்கம் விரிந்த படமாக இருக்கிறது.

இதனால் முன்பக்கத் தாள்களே கிராண்டியோரிலிருந்து பிய்த்துச் சேர்க்கப்பட்டவை என்று ஒரு காலத்தில் வாதம் நடந்தது. இன்று அதை யாரும் ஏற்பதில்லை. தாள்கள் நார்தம்ப்ரியாவில் செய்யப்பட்டவை, மாதிரிதான் இத்தாலியிலிருந்து வந்தது. கிராண்டியோரின் பாடத்தையும் அவர்கள் அப்படியே எடுக்கவில்லை. அது பழைய மொழிபெயர்ப்பு. பாடத்துக்கு ஜெரோமின் புதிய மொழிபெயர்ப்பைத் தேடிச் சேர்த்தார்கள். பழையதன் வடிவத்தையும் புதியதன் சொற்களையும் இணைத்த இந்த முடிவில்தான் சியோல்ஃப்ரித்தின் அறிவுக்கூர்மை தெரிகிறது.

மற்ற இரண்டு பைபிள்கள் என்ன ஆயின?

ஒன்றின் சில தாள்கள் மட்டும் தப்பின. 1909-ல் கிரீன்வெல் என்ற பாதிரியார் நியூகாசிலில் ஒரு கடையில் ஒரு தாளைக் கண்டெடுத்தார். பிறகு நாட்டிங்காம்ஷயரில் வோலட்டன் மாளிகையில், சொத்துக் கணக்குகளுக்கு உறையாகச் சுற்றியிருந்த தாள்கள் கிடைத்தன. டோர்செட்டில் கிங்ஸ்டன் லேசி மாளிகையிலிருந்து இன்னொரு தாள் வந்தது. எல்லாம் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அதே இரண்டு பத்தி, அதே 44 வரி அமைப்பு, அதே அன்ஷியல். எழுத்து ஆங்கில மண்ணில் பிறந்தது என்பதற்கு இவை கண்ணால் காணும் ஆதாரம்.

மூன்றாவது பைபிள் முழுதாகவே போய்விட்டது.

இதே எழுத்தில் வேறு புத்தகம் உண்டா?

புனித கத்பர்ட் நற்செய்தி. யோவான் நற்செய்தி மட்டும் அடங்கிய, உள்ளங்கையில் வைத்துக்கொள்ளக்கூடிய சின்னப் புத்தகம். 1104-ல், லிண்டிஸ்ஃபார்ன் ஆயராக இருந்த கத்பர்ட்டின் சவப்பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. அமியாட்டினுஸில் அதிகாரப் பட்டியல்களுக்கு வைத்த அந்தச் சிறிய தர அன்ஷியலில்தான் இதை எழுதியிருக்கிறார்கள். 2012-ல் பிரிட்டிஷ் நூலகம் இதை 90 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது.

இவ்வளவு அழகான எழுத்தை ஏன் கைவிட்டார்கள்?

பீட்டின் நூல்களுக்கு இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் தேவை பெருகியது. அன்ஷியல் மெதுவான எழுத்து, தோலும் நிறைய பிடிக்கும். ஆகவே அதே மடம் தீவு மினஸ்கூல் என்ற சிறிய, விரைவான எழுத்துக்கு மாறியது. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருக்கும் பீட்டின் வரலாற்று நூற்பிரதி அப்படி எழுதப்பட்டது.

பைபிள் பாட ஆய்வில் இதன் இடம் என்ன?

மிகப் பெரிய இடம். போப் ஐந்தாம் சிக்ஸ்டஸ் வல்கேட்டைத் திருத்திப் பதிப்பிக்க முனைந்தபோது, 1587-ல் இதை ரோமுக்கு வரவழைத்தார்கள். ஆக்ஸ்ஃபர்டில் வேர்ட்ஸ்வொர்த்தும் ஒயிட்டும் 1889 முதல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டுப் பதிப்புக்கும் இது முக்கியச் சாட்சி. ஆனால் எல்லா ஆகமங்களுக்கும் ஒரே மதிப்பு கொடுக்க முடியாது. ஒவ்வொரு பகுதிக்கும் வெவ்வேறு மூலச் சுவடிகளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். நற்செய்திகளின் பாடம் மிக நல்லது. சங்கீதங்களோ வழிபாட்டில் பாடிய வடிவம் இல்லை, எபிரேயத்திலிருந்து ஜெரோம் நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு.

பார்க்க முடியுமா?

மூலச் சுவடி அடிக்கடி வெளியே வருவதில்லை. 2018 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் ஆங்கிலோ–சாக்சன் கண்காட்சிக்காக லண்டன் போனது. சியோல்ஃப்ரித் எடுத்துப்போன பிறகு, 1,302 ஆண்டுகள் கழித்து, அது இங்கிலாந்துக்குப் போனது அதுவே முதல் முறை.

லாரென்சியானா நூலகம் பக்கங்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. புதிதாகப் பார்க்கிறவர்கள் எஸ்றா படத்தைப் பார்த்ததும் மூடிவிடாமல், காணிக்கைப் பக்கத்தையும் பெரிதாக்கிப் பாருங்கள். சுரண்டிய இடங்களில் தோலின் நிறமும் எழுத்தின் கையும் மாறுவது தெரியும். அப்புறம் ஏசாயாவில் ஏதாவது ஒரு பக்கத்துக்குப் போங்கள். லத்தீன் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. வரிகள் எங்கே முறிகின்றன, எங்கே உள்தள்ளி வருகின்றன என்று பத்து வரி பார்த்தாலே, வாசகர் மூச்சு விட வேண்டிய இடங்களை எழுத்தர் எப்படிக் குறித்திருக்கிறார் என்பது பிடிபட்டுவிடும்.